மஜ்ஜை ஏற்ற ஒரு மணி நேரம், காவல் வளர ஒரு வருடம்



இரத்தப் புற்றுநோயாலும், தலசீமியா போன்ற பிறவி இரத்த நோய்களாலும் வருந்துகிறவர்களுக்குச் செய்யப்படும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையைப் பற்றி எழுதும்போதெல்லாம், சபைகளிலிருந்து சில கேள்விகள் வருவதுண்டு. "எலும்பை அறுத்து வேறு எலும்பை வைப்பார்களா?" "மஜ்ஜை கொடுத்தவருடைய முதுகு பலவீனமாகிவிடுமா?" இவை இரண்டும் அடிக்கடி கேட்கப்படுபவை. மூன்றாவது கேள்வி இன்னும் ஆழமானது. "மஜ்ஜையை ஏற்ற ஒரு மணி நேரம் போதும் என்கிறீர்கள். அப்படியானால் நோயாளியை ஏன் வாரக்கணக்கில் தனி அறையில் வைக்க வேண்டும்? வீட்டுக்கு வந்த பிறகும் ஏன் ஒரு வருடம் வரை கூட்டத்தில் சேரக் கூடாது? செலவு ஏன் இவ்வளவு?"

இந்தக் கேள்விகளுக்குத் தெளிவான பதில் பெற உங்களுக்கு உரிமை உண்டு. அந்தப் பதில், இரத்தத்தின் மூல உயிரணு ஒன்று நம்மைக் காக்கும் காவல் அணுவாக எப்படி வளருகிறது என்பதில் அடங்கியிருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே இந்த இதழில் விளக்குகிறோம்.

எலும்புக்குள் ஒரு வயல்

ஆட்டு நல்லி எலும்பை உறிஞ்சிச் சாப்பிடுகிறவர்களுக்கு மஜ்ஜை புதிதல்ல. நல்லியில் இருப்பது பெரும்பாலும் கொழுப்பு நிறைந்த மஞ்சள் மஜ்ஜை. இரத்தத்தை உண்டாக்குவது சிவப்பு மஜ்ஜை. சிறு குழந்தைகளுக்கு ஏறக்குறைய எல்லா எலும்புகளிலும் சிவப்பு மஜ்ஜை இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு அது இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா எலும்பு ஆகிய இடங்களில் தங்கிவிடுகிறது. தாயின் கருப்பையில் இருக்கும்போது சில மாதங்கள் கல்லீரலே இந்த வேலையைச் செய்கிறது. பிறப்பதற்கு முன்பே அந்தப் பொறுப்பு எலும்பு மஜ்ஜைக்கு மாறுகிறது.

இந்த மஜ்ஜைக்கு ஒரு நாளும் ஓய்வு இல்லை. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். இரத்தம் உறைவதற்கு உதவும் பிளேட்லெட் என்னும் தட்டணுக்கள் 8 முதல் 10 நாள் வரை வாழ்கின்றன. கிருமிகளை முதலில் எதிர்க்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளையணு இரத்தத்தில் ஒரு நாள் அளவே சுற்றுகிறது. மடிகிறவற்றின் இடத்தைப் புதியவை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சிவப்பணுக்களை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒரு நாளில் ஏறக்குறைய 20,000 கோடி புதிதாகப் பிறக்கின்றன. இந்த வரியை நீங்கள் வாசித்து முடிப்பதற்குள் உங்கள் எலும்புகளுக்குள் ஒரு கோடி சிவப்பணுக்கள் உருவாகியிருக்கும்.

விதைநெல்லைப் போன்ற உயிரணு

இத்தனை அணுக்களுக்கும் ஆதாரமாக இருப்பது மஜ்ஜையிலுள்ள மூல உயிரணு. ஸ்டெம் செல் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். மஜ்ஜையிலுள்ள 10,000 அணுக்களில் ஒன்றுகூட இந்த வகையைச் சேர்ந்ததாக இராது. அவ்வளவு அரிது.

நம் கிராமங்களில் அறுவடை முடிந்ததும் நெல்லில் ஒரு பங்கை விதைக்கென்று எடுத்துவைப்பார்கள். எவ்வளவு பசி வந்தாலும் விதைநெல்லில் கை வைக்க மாட்டார்கள். அதை உண்டுவிட்டால் அடுத்த போகம் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். மூல உயிரணுவும் இப்படியே நடந்துகொள்கிறது. அது பிரியும்போது பிறக்கும் அணுக்களில் சில மறுபடியும் மூல உயிரணுக்களாகவே நின்றுவிடுகின்றன. அவை விதைநெல். மற்றவை வளர்ந்து, பெருகி, உடலின் அன்றாடத் தேவைக்குப் போகின்றன. அதனால்தான் 80 வயதிலும் நமக்கு இரத்தம் ஊறுகிறது.

இந்த உண்மை மருத்துவ உலகுக்குத் தெரியவந்த வரலாறு துயரத்தில் தொடங்குகிறது. 1945ஆம் ஆண்டு ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களில் அணுகுண்டு விழுந்தபோது, தீக்காயம் இல்லாமல் தப்பியவர்களிலும் பலர் சில வாரங்களில் இரத்தக் கசிவினாலும் தொற்று நோய்களினாலும் இறந்துபோனார்கள். கதிர்வீச்சு அவர்களுடைய மஜ்ஜையை அழித்திருந்தது. அதன்பின் பல நாடுகளில் ஆராய்ச்சி நடந்தது. கனடாவின் டொராண்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்குலோக் என்ற இருவர், கதிர்வீச்சினால் மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு வேறு எலியின் மஜ்ஜையை ஊசி மூலம் ஏற்றினார்கள். சில நாட்களில் அந்த எலிகளின் மண்ணீரலில் சிறு சிறு முண்டுகள் தோன்றின. அவற்றில் இரத்த அணுக்கள் வளர்ந்துகொண்டிருந்தன. இதை அவர்கள் 1961இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு முண்டும் ஒரே ஓர் உயிரணுவிலிருந்து முளைத்தது என்பதை அவர்களுடைய குழு 1963இல் உறுதிப்படுத்தியது. ஒரே அணுவிலிருந்து பல வகை அணுக்கள் பிறக்க முடியும் என்பது அன்று தெளிவாயிற்று.

யார் எந்த வேலைக்கு?

நம் உடலில் உள்ள ஏறக்குறைய எல்லா அணுக்களிலும் ஒரே மரபுக் குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. மூல உயிரணு ஒன்று சிவப்பணுவாவதும் காவல் அணுவாவதும், அந்தக் குறிப்பில் எந்தப் பக்கங்கள் திறக்கப்படுகின்றன, எவை மூடப்படுகின்றன என்பதைப் பொறுத்தது. அணு முதிர முதிர அதற்குத் தேவையில்லாத பக்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, ஒரே வேலைக்குரியவை மட்டும் திறந்திருக்கும்.

உடலின் மற்ற பாகங்களிலிருந்து வரும் செய்திகளும் இதில் பங்கெடுக்கின்றன. உயிர்வாயு குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்ற பொருளைச் சுரந்து, "சிவப்பணுக்களை அதிகமாக்கு" என்று மஜ்ஜைக்குத் தெரிவிக்கிறது. கிருமி நுழைந்தால் 'ஜி.சி.எஸ்.எஃப்.' என்ற பொருள் கூடி, "நியூட்ரோபில்களை அனுப்பு" என்று சொல்கிறது. இந்த வகைப் பொருட்களை ஆராய்வதிலேயே ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் டொனால்ட் மெட்காஃப் தம் வாழ்நாளைச் செலவிட்டார். 1991 முதல் ஜி.சி.எஸ்.எஃப். மருந்தாகவே கிடைக்கிறது. புற்றுநோய் மருந்தினால் வெள்ளையணு குறைந்த நோயாளிக்கு வயிற்றிலோ கையிலோ போடப்படும் சிறிய ஊசியைப் பலர் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது இந்த மருந்துதான்.

காவல் அணுக்களாக வளருகிறவை இரண்டு பெரிய கிளைகளாகப் பிரிகின்றன. ஒரு கிளை உடனடியாகப் போராடும் காவலர்களைத் தருகிறது. மற்றொன்று பயிற்சி பெற்ற காவலர்களைத் தருகிறது. முன்பு இந்தப் பிரிவு படிக்கட்டுகளைப் போலக் கூர்மையானது என்று எண்ணினார்கள். ஒவ்வோர் அணுவையும் தனித்தனியாகப் பரிசோதிக்கும் வசதி வந்த பிறகு, அது சரிவான பாதையில் இறங்குவதைப் போல மெல்ல மெல்ல நடக்கிறது என்று தெரிந்திருக்கிறது.

வாசலில் நிற்கும் காவலர்

முதல் கிளையில் எண்ணிக்கையில் மிகுந்தவை நியூட்ரோபில்கள். மஜ்ஜையில் ஏறக்குறைய 2 வாரம் வளர்ந்து வெளியே வருகின்றன. கிருமி இருக்கும் இடத்துக்கு விரைந்து போய் அதை விழுங்கி, தாங்களும் மடிகின்றன. கட்டி பழுத்து உடையும்போது வெளிவரும் சீழ், பெரும்பாலும் இப்படி மடிந்த காவலர்களின் உடல்களே.

மோனோசைட் என்பது அடுத்தது. இரத்தத்தை விட்டு வெளியேறித் திசுக்களுக்குள் புகுந்ததும் இது மேக்ரோபேஜ் என்ற பெரிய விழுங்கும் அணுவாக மாறுகிறது. மிஷன் மருத்துவமனைகள் தலைமுறைகளாகப் போராடிவந்த காசநோய்க் கிருமியும் தொழுநோய்க் கிருமியும், தங்களை விழுங்கிய இந்த அணுவுக்குள்ளேயே சாகாமல் குடியிருக்கக் கற்றவை. அவற்றுக்குப் பல மாதங்கள் மருந்து சாப்பிட வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

"இஸ்னோபீலியா" என்று நம் ஊரில் இருமல்காரர்கள் சொல்வதும் இந்தக் கிளையில் பிறக்கும் ஈசினோபில் என்ற அணுவின் பெயரிலிருந்து வந்ததே. புழுக்களை எதிர்ப்பது இதன் முக்கிய வேலைகளில் ஒன்று. ஒவ்வாமையிலும் இது கூடும்.

இந்தக் காவலர்களுக்குத் தனிப் பயிற்சி தேவையில்லை. கிருமிகளுக்குப் பொதுவாக உள்ள சில அடையாளங்களைப் பார்த்தே இவை செயல்படுகின்றன. ஆகவே இவை சீக்கிரம் தயாராகின்றன. ஆனால் ஒரு கிருமியை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை இன்னும் திறமையாக எதிர்ப்பது, பெரும்பாலும் இரண்டாவது கிளையின் வேலை.

நெஞ்சுக்குள் ஒரு பள்ளிக்கூடம்

இரண்டாவது கிளையில் பிறப்பவை லிம்போசைட்டுகள். இவற்றில் முக்கியமானவை 'பி' என்றும் 'டி' என்றும் பெயர் பெற்ற இரு வகைகள்.

'பி' என்ற எழுத்து வந்தது ஒரு கோழியிடமிருந்து! அமெரிக்காவில் புரூஸ் கிளிக் என்ற ஆராய்ச்சியாளர், கோழியின் வால் பக்கத்தில் உள்ள பர்ஸா என்ற சிறு உறுப்பை நீக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கோழிகள் நன்றாகவே வளர்ந்தன. ஆனால் கிருமியை ஊசி மூலம் செலுத்தியபோது அவற்றின் இரத்தத்தில் ஆன்டிபாடி என்னும் எதிர்ப்பொருள் உண்டாகவில்லை. 1956இல் அவரும் அவருடன் ஆராய்ந்தவர்களும் இதைக் கோழி வளர்ப்பைப் பற்றிய ஓர் இதழில் வெளியிட்டார்கள். மருத்துவ உலகம் பல வருடங்கள் அதைக் கவனிக்கவில்லை. மனிதர்களுக்குப் பர்ஸா கிடையாது. நம்முடைய 'பி' அணுக்கள் மஜ்ஜையிலேயே வளருகின்றன. எதிர்ப்பொருளைச் சுரப்பது இவற்றின் சந்ததியே.

'டி' அணுக்களின் பாதை வேறு. இவற்றின் முன்னோடிகள் மஜ்ஜையை விட்டுப் புறப்பட்டு, மார்பெலும்புக்குப் பின்னால், இருதயத்துக்குச் சற்று மேலே இருக்கும் தைமஸ் என்ற சுரப்பிக்குப் போகின்றன. 1961 வரை இந்தத் தைமஸ் எதற்கு இருக்கிறது என்று யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. அந்த ஆண்டு லண்டனில் ஜாக் மில்லர், பிறந்தவுடன் எலிக்குஞ்சின் தைமஸை நீக்கினால் அது நோயை எதிர்க்கும் சக்தி இல்லாமல் வாடிப்போகிறது என்று காட்டினார். தைமஸ் என்பது 'டி' அணுக்களின் பள்ளிக்கூடம்.

அந்தப் பள்ளியில் நடப்பது வியப்பானது. கிருமிகள் எண்ணற்றவை, நாளைக்கு எது வரும் என்று உடலுக்குத் தெரியாது. ஆகவே வளரும் ஒவ்வொரு லிம்போசைட்டும் தன் மரபுக் குறிப்பின் ஒரு பகுதியைச் சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல் கலைத்து அடுக்கி, தனக்கென்று ஒரு தனிக் கைப்பிடியை உண்டாக்கிக்கொள்கிறது. ஒன்றின் கைப்பிடி ஒரு கிருமிக்குப் பொருந்தும். இன்னொன்றினுடையது வேறொரு கிருமிக்கு. 'பி' அணுக்களில் இந்தக் கலைத்தடுக்கலை 1976இல் நிரூபித்த சுசுமு டோனேகவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் ஆபத்தும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கலைத்தால், நம் சொந்த உடலையே பிடிக்கும் கைப்பிடியும் வந்துவிடும். ஆகவே தைமஸில் இரண்டு தேர்வுகள் நடக்கின்றன. முதல் தேர்வு: உன் உடலின் அடையாளச் சீட்டை உன்னால் வாசிக்க முடிகிறதா? முடியாதவை மடிகின்றன. இரண்டாவது தேர்வு: உன் சொந்த உடலை நீ தாக்குவாயா? தாக்கக்கூடியவை பெரும்பாலும் நீக்கப்படுகின்றன. சில, மற்ற காவலர்களை அடக்கிவைக்கும் அமைதிக் காவலர்களாக மாற்றப்படுகின்றன. பள்ளியில் சேருகிறவற்றில் 100க்கு 95க்கும் மேற்பட்டவை தேறுவதில்லை. இவ்வளவு கண்டிப்பான பள்ளி நம் உடலில் வேறெங்கும் இல்லை.

தேறியவை நிணநீர் முடிச்சுகளிலும் மண்ணீரலிலும் தங்கிக் காத்திருக்கின்றன. காலில் முள் குத்திப் புண்ணானால், தொடை இடுக்கில் "நெறி கட்டியிருக்கிறது" என்போம். புண்ணிலிருந்து ஒரு தூது அணு கிருமியின் துண்டை எடுத்துக்கொண்டு அந்த முடிச்சுக்கு வந்திருக்கிறது. அந்தத் துண்டுக்குப் பொருந்தும் கைப்பிடி உள்ள சில லிம்போசைட்டுகள் அடையாளம் காணப்பட்டு, ஆயிரக்கணக்கில் பெருகிக்கொண்டிருக்கின்றன. அதுவே அந்த வீக்கம். வேலை முடிந்த பின் பெரும்பாலானவை மடிந்து, சில மட்டும் நினைவு அணுக்களாக வருடக்கணக்கில் தங்குகின்றன. தடுப்பூசி பலன் தருவது இவற்றால்தான்.

ஒரு செய்தியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பள்ளி சிறு வயதில்தான் பெரிதாக இயங்குகிறது. வாலிப வயதிலிருந்து தைமஸ் சுருங்கி, கொழுப்பாக மாறிக்கொண்டே போகிறது.

பிறவியிலேயே காவல் இல்லாத குழந்தைகள்

மரபுக் குறிப்பில் ஓர் எழுத்துப் பிழை நேர்ந்தால், மூல உயிரணு நன்றாக இருந்தும் லிம்போசைட்டுகள் வளருவதில்லை. இப்படிப் பிறக்கும் குழந்தை முதல் சில வாரங்கள் நன்றாகவே தோன்றும். தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள் அதைக் கொஞ்ச காலம் தாங்கும். பிறகு நிமோனியா, நிற்காத வயிற்றுப்போக்கு, வாயில் ஆறாத வெண்படலம், எடை கூடாமை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி. தடுப்பூசி மற்றக் குழந்தைகளுக்கு நன்மையானது. இந்தக் குழந்தைகளுக்கோ அதிலுள்ள உயிருள்ள கிருமியே உடலெங்கும் பரவக்கூடும். சிகிச்சை இல்லாவிட்டால் இவர்கள் பெரும்பாலும் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

இது அரிய நோய். அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளைப் பரிசோதித்து 2014இல் வெளியான கணக்கில், ஏறக்குறைய 58,000 குழந்தைகளில் ஒருவருக்கு இது இருந்தது. ஆனால் இதன் பல வகைகள் தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பிழை வந்து சேரும்போது உண்டாகின்றன. ஆகவே மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று நெருங்கிய உறவில் திருமணம் செய்யும் குடும்பங்களில் வாய்ப்பு அதிகம். ஒரு வீட்டில் ஏற்கெனவே ஒரு குழந்தை தொற்று நோயால் இறந்திருந்து, அடுத்த குழந்தையும் திரும்பத் திரும்ப நோயுற்றால், "ஏதோ சாபம்" என்று சொல்லி விட்டுவிட வேண்டாம். இரத்தத்தில் லிம்போசைட் எண்ணிக்கையைப் பார்க்கும் எளிய பரிசோதனையே முதல் எச்சரிக்கையைத் தந்துவிடும். அடுத்த பிள்ளைக்குப் பி.சி.ஜி. போடும் முன் குழந்தை மருத்துவரிடம் குடும்ப வரலாற்றைச் சொல்லுங்கள்.

1968இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், இந்த நோயுள்ள ஓர் ஆண் குழந்தைக்கு அவனுடைய அக்காளின் மஜ்ஜையை ராபர்ட் குட் என்ற மருத்துவர் ஏற்றினார். அந்தக் குழந்தை பிழைத்து, வளர்ந்து, மனிதனானான். ஒருவருடைய விதைநெல் இன்னொருவருடைய வயலில் முளைத்து, இல்லாதிருந்த காவற்படையை முழுவதுமாக உண்டாக்க முடியும் என்பதற்கு அது சாட்சியாயிற்று.

மஜ்ஜை ஏற்றும் நாளும் அதற்குப் பின்னும்

இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறோம்.

மஜ்ஜை மாற்றில் நோயாளியின் எலும்பை அறுப்பதில்லை. கொடுப்பவருக்கு மயக்கம் கொடுத்து, இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து ஊசியால் மஜ்ஜையை உறிஞ்சி எடுப்பார்கள். முதுகுத்தண்டை அந்த ஊசி தொடுவதில்லை. இப்போது பெரும்பாலும் அதுவும் இல்லை. கொடுப்பவருக்குச் சில நாட்கள் ஜி.சி.எஸ்.எஃப். ஊசி போட்டால் மூல உயிரணுக்கள் இரத்தத்துக்குள் இறங்கி வருகின்றன. கையிலிருந்து இரத்தத்தை ஓர் இயந்திரத்தின் வழியாகச் செலுத்தி, தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்தவருக்கு அந்த நாட்களில் எலும்பு வலி இருக்கும். எடுத்த அளவு சில வாரங்களில் மறுபடி ஊறிவிடும்.

வாங்குபவருக்குத்தான் கடினமான பாதை. பெரும்பாலோருக்கு முதலில் கடுமையான மருந்துகளாலோ கதிர்வீச்சாலோ பழைய மஜ்ஜையை அழிக்க வேண்டும். பிறகு புதிய மூல உயிரணுக்களை, இரத்தம் ஏற்றுவதுபோல நரம்பின் வழியாக ஏற்றுகிறார்கள். எங்கே போக வேண்டும் என்று யாரும் அவற்றுக்குக் காட்டுவதில்லை. அவை தாமாகவே எலும்புக்குள் வழி கண்டுபிடித்துக் குடியேறுகின்றன.

அன்றிலிருந்து காத்திருப்பு தொடங்குகிறது. நட்ட நாற்று பச்சை பிடிக்கிறதா என்று விவசாயி பார்ப்பதுபோல், தினமும் இரத்தத்தை எண்ணிப் பார்ப்பார்கள். நியூட்ரோபில் எண்ணிக்கை தொடர்ந்து 3 நாள் 500க்கு மேல் நின்றால், மஜ்ஜை பிடித்துக்கொண்டது என்று பொருள். அதற்கு 2 முதல் 4 வாரம் ஆகும். அந்த வாரங்களில் நோயாளிக்கு வாசல் காவலரும் இல்லை. வடிகட்டிய காற்று உள்ள தனி அறை, கொதிக்கவைத்த உணவு, கிருமி எதிர்ப்பு மருந்துகள், அடிக்கடி ஏற்றப்படும் தட்டணுக்கள் ஆகியவையே அவருடைய வேலி.

வீடு திரும்பிய பிறகும் வேலை முடியவில்லை. 'டி' அணுக்கள் மீண்டும் தைமஸ் என்ற பள்ளிக்குப் போய்த் தேர்வெழுதி வர வேண்டும். 'பி' அணுக்களும் முழு பலம் பெறப் பல மாதங்களாகும். இதற்கு ஏறக்குறைய ஒரு வருடம். தைமஸ் சுருங்கிப்போன பெரியவர்களுக்கு அதற்கும் மேல். மருந்து இதைப் பெரிதாக விரைவுபடுத்த முடியாது. பழைய நினைவு அணுக்கள் பெரும்பாலும் போய்விடுவதால், சிறு வயதில் போட்ட தடுப்பூசிகளைக்கூட முதலிலிருந்து போட வேண்டியிருக்கிறது. 40 வயதுக்காரருக்குக் கைக்குழந்தையின் தடுப்பூசி அட்டவணை!

இன்னோர் ஆபத்தும் உண்டு. கொடுத்தவருடைய பள்ளியில் தேறி வந்த 'டி' அணுக்கள், புதிய வீட்டை அந்நியமாக நினைத்துத் தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்கலாம். அதனால்தான் உடலின் அடையாளச் சீட்டு பொருந்துகிறவரைத் தேடுகிறோம். உடன்பிறந்த ஒருவருடையது முழுமையாகப் பொருந்துவதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. இக்காலத்தில் பாதி பொருந்தும் பெற்றோரிடமிருந்தும் மாற்று செய்ய வழி இருக்கிறது. இத்தனை கவனத்துக்குப் பிறகும் எல்லாரும் பிழைப்பதில்லை என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

இந்தச் சிகிச்சைக்கு வழி திறந்த டொனால் தாமஸ் 1957இல் தம் முதல் முயற்சிகளை வெளியிட்டபோது, நோயாளிகள் ஒருவரும் நெடுநாள் பிழைக்கவில்லை. அவர் விடவில்லை. 1990இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் 1983இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1986இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இச்சிகிச்சை தொடங்கியது. அதே வேலூரில், ஹீமோபீலியா நோயுள்ள 5 பேரின் சொந்த மூல உயிரணுக்களை எடுத்து, இரத்தம் உறைவதற்கான மரபுக் குறிப்பைச் சேர்த்துத் திருப்பி ஏற்றியதாக 2024 டிசம்பரில் செய்தி வெளியானது. அந்தக் குறிப்பு எல்லா அணுக்களிலும் வேலை செய்யாமல், மோனோசைட் பாதையில் வளருகிறவற்றில் மட்டும் திறக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. எந்த அணு எந்தப் பக்கத்தைத் திறக்கிறது என்ற அறிவு, நோயாளியின் படுக்கையருகே வந்து சேர்ந்துவிட்டது.

நீங்கள் செய்யக்கூடியவை

ஆகவே, உங்கள் காணிக்கையின் பெரும் பங்கு மஜ்ஜை ஏற்றும் ஒரு மணி நேரத்துக்குப் போவதில்லை. அதற்குப் பின்வரும் காத்திருப்புக்குப் போகிறது. அறைக்கும், மருந்துக்கும், தட்டணுக்களுக்கும், ஊரைவிட்டு வந்து தங்கும் தாய்க்கும் வாடகைக்கும் போகிறது. நோயாளி நலமாகத் தோன்றும் ஐந்தாவது, ஆறாவது மாதத்தில் உதவி நின்றுபோனால், பள்ளி முடியாத காவலரோடு அவரை வெளியே அனுப்புவதுபோல் ஆகும்.

பணம் தவிர இன்னும் மூன்று காரியங்களை உங்களிடம் கேட்கிறோம்.

முதலாவது, இரத்தம் கொடுங்கள். 18 முதல் 65 வயது வரை, 45 கிலோவுக்குக் குறையாத நலமுள்ளவர்கள் கொடுக்கலாம். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒரு முறை. பிளேட்லெட்டை 5 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பண்டிகைக்கு முன் ஒரே நாளில் நூறு பேர் வருவதைவிட, வாரந்தோறும் ஐந்து பேர் வருவது நோயாளிகளுக்குப் பேருதவி.

இரண்டாவது, வாலிபர்கள் மூல உயிரணு கொடுப்போர் பதிவேட்டில் சேரலாம். 2009இல் சென்னையில் தொடங்கப்பட்ட தாத்ரி அப்படிப்பட்ட பதிவேடு. அடையாளச் சீட்டு வம்சாவளியாக வருவது. நம் மக்களில் ஒருவருக்குப் பொருந்துகிறவர் நம் மக்களிடையே கிடைக்கும் வாய்ப்பே அதிகம். பதிவு செய்ய, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி எடுத்தால் போதும். ஆனால் அழைப்பு வரும்போது பின்வாங்குவதில்லை என்ற உறுதியோடு சேருங்கள். கொடுப்பவரை நம்பி நோயாளியின் பழைய மஜ்ஜையை அழித்த பின் அவர் மனம் மாறினால், அந்த நோயாளிக்கு மஜ்ஜையே இல்லை.

மூன்றாவது, சிகிச்சை முடிந்து உங்கள் சபைக்குத் திரும்புகிறவரை அன்போடு தள்ளி நின்று காப்பாற்றுங்கள். பூச்செண்டும், அறுத்து வைத்த பழமும், வீடு நிறைய விருந்தினரும் அந்த வருடம் வேண்டாம். இருமலும் சளியும் உள்ளவர்கள் வாசலிலிருந்தே விசாரித்து, அங்கேயே ஜெபித்துப் போகலாம். அவருடைய பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போவதும், வீட்டுக்கு அரிசி வாங்கிக் கொடுப்பதும் அறைக்குள் நுழையாமலே செய்யக்கூடிய ஊழியங்கள்.

எலும்புக்குள் நடக்கும் வேலை மெதுவானது. அதை அவசரப்படுத்த எங்களால் இயலாது. அது முடியும்வரை நோயாளியைக் காத்துக்கொள்ள எங்களால் இயலும். அதுவும் நீங்கள் உடன் இருக்கும்போது.